ஒரே கட்டத்துக்குள் அடைபட்ட ஹாங்க் பிம்

“பல ஆண்டுகளாக நிலைபெற்ற ஒரு சூப்பர் ஹீரோவைக் காமிக்ஸ் கதாசிரியர்கள் கெடுத்துவைத்ததற்கு மிக மோசமான உதாரணம் எது? அப்படி ஏன் நடக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பெயர்கள் முதலில் வந்து நிற்கும். அத்தையின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மெஃபிஸ்டோ என்னும் சாத்தானிடம் தன் திருமணத்தையே ஒப்புக்கொடுத்த 2007-ஆம் ஆண்டின் ஸ்பைடர்மேன் ஒருவர். தன் ஊர் அழிந்த துயரத்தில் உடன் பணியாற்றியவர்களையே வீழ்த்திய 1994-ஆம் ஆண்டின் கிரீன் லான்டர்ன், ஹால் ஜோர்டான், மற்றொருவர். இருவருக்கும் நடந்தது அநியாயம்தான். ஆனால் அவர்களுக்காகச் சண்டைபோட ரசிகர் பட்டாளம் இருந்தது. இருவரும் மீண்டு வந்து தங்கள் பெயரில் இதழ்கள் காண்கிறார்கள். என்னுடைய பதில், வழக்காட ஆளில்லாமல் போன ஒருவர்: மார்வெல் நிறுவனத்தின் ஹாங்க் பிம்.

பிம் முதலில் தோன்றியது 1962-இல், ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ 27-ஆம் இதழில். தன் உடலைத் தானே சுருக்கிக்கொண்டு எறும்புகளிடம் சிக்கித் தவிக்கும் விஞ்ஞானியின் சிறுகதை அது. அதில் சூப்பர் ஹீரோ என்ற பேச்சே இல்லை. அதே ஆண்டில் 35-ஆம் இதழில் உடையும் தலைக்கவசமும் அணிந்து ஆன்ட்-மேன் ஆனார். 1963-இல் ஜேனட் வான் டைன் வாஸ்ப் என்ற பெயரில் துணைக்கு வந்தார். அந்த ஆண்டே இருவரும் அவெஞ்சர்ஸ் என்னும் சூப்பர் ஹீரோ குழுவைத் தொடங்கிய ஐவரில் இடம்பெற்றார்கள். பிறகு பிம்மின் பெயர் ஜயன்ட்-மேன் என்றும் கோலியாத் என்றும் மாறிக்கொண்டே போனது. கதாசிரியர்களுக்கே அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதற்கு அந்தப் பெயர்ப் பட்டியலே சாட்சி. வேறொரு பாத்திரத்தோடு பங்கிட்டுக்கொண்டிருந்த அவருடைய தொடரும் 1965-இல் 69-ஆம் இதழோடு முடிந்து, அந்தப் பக்கங்கள் சப்-மரைனர் என்ற இன்னொரு நாயகனுக்குப் போயின. 1970-களின் தொடக்கத்தில் சில இதழ்களில் தனியாகத் தலைகாட்டியதைத் தவிர, அதன் பிறகு 1981 வரை அவருக்கென்று நீடித்த தொடர் எதுவும் அமையவில்லை. இந்தச் சிறிய தகவலை மறந்துவிட வேண்டாம். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

1968-இல் ராய் தாமஸ் எழுதிய கதைகளில் பிம்முக்கு இரண்டு சுமைகள் சேர்ந்தன. அவர் உருவாக்கிய அல்ட்ரான் என்னும் இயந்திரம் அவரையே எதிர்த்து எழுந்தது முதலாவது. ஆய்வகத்தில் ரசாயனங்களின் பாதிப்பால் மனம் பிறழ்ந்து, தன்னை யெல்லோஜாக்கெட் என்னும் வேறொரு மனிதனாக நம்பிக்கொண்டு, “ஹாங்க் பிம்மை நான் கொன்றுவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றது இரண்டாவது. அவர் யார் என்று தெரிந்துகொண்டே ஜேனட் அந்த நிலையில் அவரைத் திருமணம் செய்துகொண்டார். இன்றைய கண்ணுக்கு மிகவும் விசித்திரமான கதை. ஆனால் தோல்வி பயமும் தன்னம்பிக்கைக் குறைவும் பிம்முக்குள் முதலிலிருந்தே இருந்தன என்பதை அது காட்டுகிறது.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் ஜிம் ஷூட்டர் 1981-இல் அவெஞ்சர்ஸ் கதையை எழுதினார், அதனால் அவர் ஆகாயத்திலிருந்து எதையும் கொண்டுவந்துவிட்டதாகக் குற்றம் சாட்ட முடியாது. 212-ஆம் இதழில், சமாதானத்துக்கு இணங்கிக்கொண்டிருந்த எதிரியைப் பிம் பின்னாலிருந்து தாக்குகிறார். குழு அவரை விசாரணைக்கு நிறுத்துகிறது. இழந்த மதிப்பை மீட்பதற்கு அவர் 213-ஆம் இதழில் ஒரு திட்டம் தீட்டுகிறார்: ஒரு ரோபோவை உருவாக்கி, விசாரணையின் நடுவே குழுவைத் தாக்கவிட்டு, தனக்கு மட்டுமே தெரிந்த அதன் பலவீனமான இடத்தில் அடித்து எல்லோரையும் காப்பாற்றியதுபோல் காட்டிக்கொள்வது. அதைக் கண்டுபிடித்த ஜேனட் வேண்டாம் என்று கெஞ்சும்போது அவரைப் பிம் அறைகிறார். பிறகு ரோபோ பிம்மையே வீழ்த்துகிறது. அதை அடக்குபவர் ஜேனட். பிம் வெளியேற்றப்படுகிறார், திருமணம் முறிகிறது.

அந்த அடி ஒரே ஒரு கட்டத்தில், அதாவது பக்கத்தின் ஒரே ஒரு சித்திரச் சட்டத்தில், வருகிறது. ஷூட்டர் பிற்காலத்தில் தந்த விளக்கத்தின்படி, விரக்தியில் கைகளை வீசி, ஜேனட்டைப் பார்க்காமலேயே விலகச் சொல்லும்போது தற்செயலாகக் கை பட்டுவிடுவதாகத்தான் அவர் எழுதியிருந்தார். எந்தச் செயலையும் அதன் உச்ச வேகத்தில் வரைய வேண்டும் என்று ஜான் புஸெமாவிடம் பயின்ற ஓவியர் பாப் ஹால் அதைக் குத்துச்சண்டை வீரரின் அடியைப் போல் வரைந்துவிட்டார். திருத்தி வரைய நேரம் இல்லாமல் அப்படியே அச்சுக்குப் போனது. இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது மார்வெலின் தலைமைப் பதிப்பாசிரியர் யார் என்றால், அதே ஷூட்டர்தான். கதாசிரியரைத் தட்டிக்கேட்க வேண்டிய நாற்காலியில் கதாசிரியரே உட்கார்ந்திருந்தார். கெடுவுக்குள் இதழ் கடைக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு பாத்திரத்தின் இருபது ஆண்டு வரலாற்றைப் பணயம் வைத்த முடிவு அவருடையது. அடி தற்செயலா வேண்டுமென்றேவா என்ற விவாதத்தில் ஜேனட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சில் வந்ததுதான் கதை. அடி வாங்கியவருக்கு ஓவியரின் பயிற்சிமுறை ஆறுதல் தராது. நல்லவேளையாக, அடுத்த ஆண்டே ஜேனட் குழுவின் தலைவராகி, ராஜர் ஸ்டெர்னின் கைகளில் முன்னெப்போதும் இல்லாத முதிர்ச்சி பெற்றார்.

ஒரு நாயகன் வீழ்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பிம்மின் வீழ்ச்சிக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1979-இல், அதே நிறுவனத்தில் டேவிட் மிக்கலைனியும் பாப் லேட்டனும் அயர்ன் மேனைக் குடிக்கு அடிமையாக்கினார்கள். டோனி ஸ்டார்க் அதனால் குறைந்துபோகவில்லை. அதற்குப் பிறகு வந்த நல்ல அயர்ன் மேன் கதைகள் பலவற்றுக்கு அந்தப் பலவீனமே உயிர்நாடியானது. அங்கே வீழ்ச்சி அவருடைய சொந்தத் தொடரில், பல மாதங்கள், அவருடைய கண் வழியாகவே சொல்லப்பட்டது. எழுந்து நிற்பதற்கும் அதே தொடரில் பக்கங்கள் கிடைத்தன. பிம்முக்கோ அந்த வசதி இல்லை. ஏழெட்டுப் பேர் இருக்கும் குழுக் கதையில் மூன்று இதழ்களில் குப்புறத் தள்ளப்பட்டு வாசலுக்கு வெளியே விடப்பட்டார்.

இன்னும் வெளிப்படையான ஒப்பீடு ஒன்று உண்டு. 1985-இல் ஃபன்டாஸ்டிக் ஃபோர் 281-ஆம் இதழில், மாலிஸ் என்ற தீய ஆளுமையின் பிடியிலிருந்து தன் மனைவி சூவை மீட்பதற்கென்று அந்தத் தொடரின் நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ் அவரை அறைகிறார். 1995-இல், தான் ஒரு குளோன், அதாவது வேறொருவரின் உயிர்நகல், என்று கேள்விப்பட்ட ஆத்திரத்தில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் கர்ப்பிணியான தன் மனைவி மேரி ஜேனை அடித்துத் தள்ளுகிறார். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது காட்சி பிம்முடையதைவிடக் கொடியது. ஆனாலும் ஸ்பைடர்மேனை மனைவியை அடித்தவர் என்று யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. அந்தக் காலத்தில் ஸ்பைடர்மேனுக்கு ஒரே மாதத்தில் பல இதழ்கள் வந்தன. ஒரு மோசமான கட்டத்தின்மேல் சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கான நல்ல பக்கங்கள் வந்து படிந்துவிட்டன. பிம்மின் கட்டத்தின்மேல் எதுவும் படியவில்லை. கதை முடிந்து நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும், அது பாறையில் வெட்டிய எழுத்தாக அப்படியே நிற்கிறது.

எனவே பெரிய குற்றவாளி ஷூட்டர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் வந்து, பிம் என்றவுடன் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவர்களுக்குப் பங்கு அதிகம். முதன்மைக் கதைகளோடு தொடர்பில்லாத ஒரு தனிக் கதையுலகத்தில் 2002-இல் மார்க் மில்லர் அவெஞ்சர்ஸை மறுவுருவாக்கம் செய்தபோது புதிய வாசகர்கள் முதன்முதலாகச் சந்தித்த பிம், மனைவியை அடித்து, அவர் பூச்சி அளவுக்குச் சுருங்கியபோது பூச்சிமருந்தை அடித்து, எறும்புகளை ஏவிவிடுகிறார். 1981-இல் ஒரு கணத்தின் சறுக்கலாக இருந்தது இங்கே அவருடைய இயல்பாகவே ஆகிவிட்டது. முதன்மை உலகத்திலும் குற்ற உணர்வு, மன்னிப்பு, மறுபடி சறுக்கல் என்ற ஒரே செக்குமாட்டுச் சுற்று. 2015-இல் அவரை அல்ட்ரானோடு உடலாகவே இணைத்து ஒரு கதை வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டு திரைப்படங்களில் ஒன்று அல்ட்ரானை உருவாக்கிய பெருமையையும் பழியையும் டோனி ஸ்டார்க்கிடம் கொடுத்துவிட்டது. மற்றொன்று பிம்மை வயதானவராக்கி, ஆன்ட்-மேன் உடையை ஸ்காட் லாங்கிடம் ஒப்படைக்கச் செய்தது. திரைக்கதை எழுதியவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

ஏன் இப்படி நடக்கிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பாத்திரத்தின் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது, எழுதுபவர் மூன்று நான்கு ஆண்டுகளில் மாறிவிடுவார் என்பது எல்லோரும் அறிந்த விடை. அதில் ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். அடிபட்ட பாத்திரம் பிழைப்பது, அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு எழுத்தாளர் அருகில் இருப்பதைப் பொறுத்தது. 1980-இல் அவெஞ்சர்ஸ் 200-ஆம் இதழில், மனக்கட்டுப்பாட்டின் வழியே தன்னை வசப்படுத்திக் கர்ப்பமாக்கியவனுடன் குழுவின் நாயகிகளில் ஒருவரான கேரல் டேன்வர்ஸ் புறப்பட்டுப் போவதைக் குழு புன்னகையோடு வழியனுப்பிவைக்கிறது. ஷூட்டர் உள்பட நால்வர் சேர்ந்து செய்த கதை அது. கேரலின் தனித் தொடரை அதற்கு முன் எழுதியிருந்த கிறிஸ் கிளேர்மான்ட் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டின் அவெஞ்சர்ஸ் ஆண்டு மலரில் கேரலைத் திரும்ப அழைத்துவந்து, “எனக்கு நடந்தது என்னவென்று உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?” என்ற பொருள்படக் குழுவினரின் முகத்துக்கு நேரே கேட்கவைத்தார். பழைய இதழை அவர் அழிக்கவும் இல்லை, கனவென்று சொல்லித் தப்பிக்கவும் இல்லை. பிறர் செய்த பிழையை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பாத்திரத்தின் குரலாலேயே கண்டித்தார். சீர்செய்வதில் இதைவிட நேர்மையான வழியை நான் படித்ததில்லை.

ஹால் ஜோர்டானுக்குக் கிடைத்த மீட்சி இதற்கு நேர்மாறானது. 2004-இல் தொடங்கிய கதையில் ஜெஃப் ஜான்ஸ், ஜோர்டான் செய்த கொலைகளுக்குக் காரணம் அவருக்குள் புகுந்திருந்த பேரலாக்ஸ் என்ற அச்சத்தின் உருவமே என்று விளக்கினார். கிரீன் லான்டர்னுக்கு ஆற்றல் தரும் பச்சை மோதிரம் மஞ்சள் நிறத்திடம் ஏன் தோற்றது என்ற பழைய புதிருக்கும் அதே வீச்சில் விடை சொன்ன சாமர்த்தியத்தை நான் ரசித்தேன். ஆனால் பேய் பிடித்தவர் செய்ததற்கு அவர் பொறுப்பாளி இல்லை என்று தீர்ப்புச் சொன்னதும், பத்து ஆண்டுகளாக அந்த மனிதன் சுமந்த குற்றவுணர்வும் செய்த பரிகாரமும் பொருளற்றுப் போயின. 1996-இல் சூரியனை மீட்க அவர் உயிர்கொடுத்த கதையை இப்போது படித்தால் பாதி கனம் குறைந்திருக்கிறது.

பிம்முக்கும் கிளேர்மான்ட்டைப் போன்ற இருவர் ஒரு காலத்தில் வாய்த்தார்கள், அதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. 1983-இல் ராஜர் ஸ்டெர்ன் 229, 230-ஆம் இதழ்களில், எக்ஹெட் என்ற வில்லன் சுமத்திய பொய்ப்பழியிலிருந்து பிம்மை விடுவித்தார். வில்லன் கூட்டம் ஒன்றை ஆய்வகத்தில் கைக்குக் கிடைத்த கருவிகளைக் கொண்டே தனியொருவராகச் சமாளிக்கவைத்து, ஜேனட்டிடம் மறுபடி சேரச் சொல்லிக் கெஞ்சாமல் கண்ணியமாக விடைபெறச் செய்தார். 1987-இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட், வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸ் தொடரில் தற்கொலையின் விளிம்பு வரை போன பிம்மை ஃபயர்பேர்ட் என்ற நாயகியின் பேச்சால் மீட்டு, புதிய மனிதராக்கினார். முகமூடி இல்லை, பட்டப்பெயர் இல்லை. சிவப்பு நிற உடை நிறையப் பைகள். அவற்றில் சுருக்கிவைத்த கருவிகள், வாகனம் உட்பட. வேண்டியபோது எடுத்துப் பெரிதாக்கிக்கொள்வார். டாக்டர் பிம் என்றே அழைத்தார்கள். எறும்பா, ராட்சதனா, குளவியா என்று இருபத்தைந்து ஆண்டுகள் தடுமாறிய பாத்திரத்துக்கு விஞ்ஞானி என்ற அதன் முதல் வேலையையே அவர் திருப்பிக் கொடுத்தார். பின்வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வழியைத் தொடரவில்லை.

நீங்கள் பிம்மைப் படிக்கத் தொடங்குவதாக இருந்தால் அந்த 1987-ஆம் ஆண்டு இதழ்களை முதலில் எடுங்கள். 213-ஆம் இதழை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.