வெறுங்காலா, ஷூவா: காரைக்குடிப் பக்கம் 21 கிலோமீட்டருக்குத் தயாராகிறவருக்கு

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன், வயது 36. ஆறு மாதமாக ஒரே ஷூவில் வாரம் 25 கிலோமீட்டர் ஓடுகிறேன். அடுத்து அரை மாரத்தான். கொஞ்ச நாளாக முட்டி வலிக்கிறது. வெறுங்காலில் ஓடினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பழனிக்கு வெறுங்காலில் நடக்கிற ஊர்தானே நம்முடையது, ஷூவை விட்டுவிடலாமா? வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: விட்டுவிடாதீர்கள். 21 கிலோமீட்டரை ஷூவிலேயே ஓடுங்கள். வெறுங்கால் ஓட்டத்தை வாரத்தில் இரண்டு நாள், சில நிமிடம், பாதத்துக்கான பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். வாரம் 25, ஆறு மாதம் என்றால் 650 கிலோமீட்டர். சாதாரண ரன்னிங் ஷூவின் ஆயுளே 500 முதல் 800 கிலோமீட்டர்தான். மேல்துணி புதிதுபோல இருக்கும், உள்ளே ஃபோம் செத்திருக்கும். மேசைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஃபோமின் பக்கவாட்டில் ஆழமான மடிப்புகள் விழுந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். வெறுங்காலைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

பழனி நடை பெரிய விஷயம், மறுக்கவில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாக நடக்கும் நகரத்தார்களின் பாதம் எத்தனை உறுதியானது என்று நமக்குத் தெரியும். ஆனால் நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் காற்றில் எழும்பி, பிறகு ஒரே காலில் மொத்த உடம்பும் இறங்கும். நடையில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைவிடச் சற்று அதிகம். ஓட்டத்தில் அது இரண்டிலிருந்து மூன்று மடங்கு. ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, ஒரு மீட்டர் என்று வைத்தால் அரை மாரத்தானில் ஒவ்வொரு காலும் பத்தாயிரம் முறைக்கு மேல் இப்படி இறங்க வேண்டும். நடந்து பழகிய பாதம் ஓட்டத்துக்கும் தயார் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெறுங்காலில் ஓடினால் சுமை குறைவதில்லை, இடம் மாறுகிறது. ஷூவில் பெரும்பாலானோர் குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுகிறோம். வெறுங்காலில் அது வலிக்கும் என்பதால் எட்டு தானாகவே சுருங்கி, முன்பாதம் முதலில் படும். முட்டிக்கு வரும் சுமை குறையும், அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே கயிறுபோல ஓடும் நாணுக்கும் பாத எலும்புகளுக்கும் போகும். அதனால் முட்டி வலிக்காரருக்கு இதில் கொஞ்சம் பயன் உண்டு. குதிகால் வலியோ நாண் வலியோ உள்ளவருக்குக் கெடுதல்தான். சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்கால் ஓட்டம் அறவே கூடாது. முள் ஏறினாலும் தெரியாது.

இந்தப் பேச்சு வந்தாலே அபேபே பிகிலா வருவார். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அந்த எத்தியோப்பியர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் வென்றார். ரோமில் ஓட்டம் தொடங்கியதே மாலையில், முடிந்தது இருட்டில். காலை ஒன்பது மணிக்கே தார் சுடுகிற நம் சித்திரை மாதத்தோடு அதை ஒப்பிட முடியாது. அடுத்து காட்டுவது, ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வு. வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், தரையில் பட்ட கணத்தின் அதிர்ச்சி அவர்களுக்குக் குறைவு என்று அது காட்டியது. காயம் குறையும் என்று நிரூபிக்கவில்லை.

இனி செய்முறை. முதல் இரண்டு வாரம் வெறுங்காலில் ஓடவே வேண்டாம். திண்ணைப் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரை இருந்தால் அதில் ஒரு துண்டை விரித்து, கால்விரல்களாலேயே சுருட்டி இழுங்கள், காலுக்கு இரண்டு நிமிடம். அதோடு தினமும் இருபது நிமிடம் வெறுங்காலில் நடை. ஒற்றைக் காலில் நின்று தொடர்ந்து 20 முறை குதிகாலை உயர்த்த முடியாதவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மூன்றாம் வாரம், மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று நான்கு தடவை. இதை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே செய்யுங்கள், களைத்த காலில் இறங்கும் முறை கெட்டுவிடும். பிறகு பாதத்தை நன்றாகத் துடைத்து ஷூ போடுங்கள். சாக்ஸுக்குள் சிக்கும் நாலு மணல் போதும், கொப்புளத்துக்கு. வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் மூன்றாவது மாத வாக்கில் தொடர்ந்து பத்து நிமிடம் வரும். அதற்குமேல் உங்களுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

குதிகாலைத் தூக்கியே வைத்து விரல் நுனியில் ஓடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முன்பாதம் பட்டவுடன் குதிகாலும் மெல்லத் தரையைத் தொட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, கெண்டைக்கால் அப்படிப் பிடித்துக்கொள்ளும். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை படுகிறது என்று எண்ணுங்கள். 43க்குக் கீழே இருந்தால் காலடியைச் சுருக்குங்கள். முட்டி வலிக்கு ஷூவோடு இருக்கும்போதே இதைச் செய்து பார்க்கலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளங்கால் தோல் மூன்று நான்கு வாரத்தில் தடித்துவிடும், கூச்சம் போய்விடும். "பழகிவிட்டது" என்று ஐந்து கிலோமீட்டர் ஓடத் தோன்றும். எலும்பும் நாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் விரல்களுக்குப் பின்னாலுள்ள நீள எலும்புகளில், குறிப்பாக இரண்டாவதிலும் மூன்றாவதிலும், மயிரிழை விரிசல் விழுகிறது. பாதத்தின் மேற்புறம் ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் சுளீரென்று வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், அதை நம்பி மறுபடி ஓடிவிடாதீர்கள்.

எங்கே ஓடுவது? செம்மண் தரைதான் மெத்தென்று இருக்கும் என்பார்கள். நம் பக்கம் செம்மண்ணில் செம்பூராங்கல் சரளை கலந்திருக்கும், கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவை முள், காய்ந்த இடமெல்லாம் நெருஞ்சி. மண் முள்ளை மறைத்துவிடும். விடிந்து வெளிச்சம் வந்தபின், வண்டி குறைந்த, வழவழப்பான தார்ச் சாலையோ சிமென்ட் தெருவோதான் வெறுங்காலுக்கு நல்லது. கிடப்பது கண்ணுக்குத் தெரியும், தரை கடினமாக இருப்பதால் கால் தானே மெத்தென்று இறங்கக் கற்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து நேர்நேரான தெருக்கள் அதற்கு வாகானவை. திறந்தவெளியில் மலம் கழிக்கும் ஈரமண் பக்கம் போகாதீர்கள், கொக்கிப்புழு உள்ளங்கால் தோல் வழியாகவே ஏறும். முள் குத்தினால் நுனி உடைந்து உள்ளே தங்காமல் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள்.

புது ஷூ மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டு நின்று பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட ஓட்டத்தில் நகம் கறுக்கும். குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள். இப்போதைய ஷூ 10 மில்லிமீட்டர் என்றால் அடுத்தது 8 அல்லது 6. ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போவதும் ஷூவைக் கழற்றுவதும் கெண்டைக்காலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ இந்தக் கட்டத்தில் வேண்டாம். அந்தப் பணத்தில் சாதாரண ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஹவாய் செருப்பில் மட்டும் ஓடாதீர்கள். அது கழன்றுவிடாமல் விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், உள்ளங்கால் தசைநார் புண்ணாகும்.

குதிகால் ஷூவுக்குள் வழுக்கினால் லேஸை இறுக்காதீர்கள். மேலே உபரியாக இருக்கும் கடைசித் துளையில் அதே பக்கத்து லேஸை நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து தோலை உரிக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்தது போதும். பனியனும் அப்படியே. 10 கிலோமீட்டரைத் தாண்டும் நாளில் தொடை இடுக்கிலும் மார்க்காம்பிலும் வாஸ்லின். இருட்டில் கிளம்பினால் ஒளி திருப்பும் பட்டை போட்ட மேற்சட்டை, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு மிகுந்து தாகம் கூடும், வயிறு புரட்டும்.

வியர்வையில் நனைந்த ஷூவை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் பசை விடும், ஃபோம் இறுகும். உள் அட்டையைக் கழற்றி, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, வளவில் நிழலாகப் பார்த்து வையுங்கள். வைக்கும் முன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கருவை முள் ஷூவின் அடிப்பகுதியைத் துளைத்து ஃபோமுக்குள் ஒளிந்திருந்து, நாலாவது நாள் ஓடும்போதுதான் காலைத் தொடும்.