இத்தாலியின் பியோந்தி சாந்தி ஒயின் எஸ்டேட் புது விண்டேஜ் (ஒரு வருஷ அறுவடையின் ஒயின்) வெளியிட்டால் உடனே வாங்கிக் குடிக்கலாமா? அந்த விலைக்குத் தகுமா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா?

"எல்லாம் விளம்பரம்தானா" என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். விலையை மட்டும் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் வேலை விஷயமாக ஐரோப்பா வருகிறவர், திரும்பும்போது ஊருக்கு நல்லதாக ஒரு பாட்டில் எடுத்துப்போக நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குடியைத் தூண்டுகிறான் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லவில்லை. இது என் தொழில். கேட்டரிங் படித்து, கப்பலில் வேலை பார்த்து, இப்போது இத்தாலியின் டஸ்கனியில் ஓர் உணவகத்தின் ஒயின் கிடங்கான செல்லாரைப் பார்த்துக்கொள்கிறேன்.

பியோந்தி சாந்தி இருப்பது சியனா மாவட்டத்தில், மொன்தால்சினோ என்ற மலை ஊரில். அவர்களுடைய முக்கியமான ஒயின் புரூனெல்லோ. சான்ஜோவேசே என்ற ஒரே வகைத் திராட்சையில் மட்டும் செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு வருஷம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும், அறுவடைக்குப் பிறகு ஐந்தாவது வருஷம் ஜனவரி 1-க்கு முன்னால் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. சட்டமே அப்படித்தான். 2016-ல் பறித்த பழத்தின் ஒயினை 2021-ல்தான் விற்க முடியும். ரிசர்வா என்ற உயர்ந்த வகை என்றால் இன்னும் ஒரு வருஷம். அத்தனை காலமும் கூலி கொடுத்தாக வேண்டும், பீப்பாயைப் பராமரிக்க வேண்டும், போட்ட பணம் திரும்பாமல் கிடக்கும். விளம்பரத்துக்காக யாராவது இப்படிப் பணத்தை முடக்குவார்களா?

அதிலும் இந்த எஸ்டேட் ரிசர்வாவை நல்ல வருஷத்தில் மட்டும்தான் செய்யும், அதுவும் 25 வயது தாண்டிய கொடிகளின் பழத்தில். ஃபெருச்சோ பியோந்தி சாந்தி முதல் ரிசர்வாவைச் செய்தது 1888-ல். அன்றிலிருந்து இன்றுவரை எண்ணினாலும் ஐம்பது விண்டேஜைத் தொடாது. போர்முனை நெருங்கி வந்த 1944-ல் அவர் மகன் தன்கிரேதி பழைய ரிசர்வா பாட்டில்களைச் சுவருக்குப் பின்னால் வைத்துப் பூசி மறைத்தார். அவருக்குப் பின் வந்த ஃபிராங்கோ 2013-ல் இறந்தார். 2016 கடைசியில் பிரான்சின் இபிஐ நிறுவனம் எஸ்டேட்டை வாங்கியது. குடும்பத்தின் கையைவிட்டுப் போனதும் எல்லாம் போச்சு என்று பேசுகிறவர்கள் உண்டு. வருகிற பாட்டில்களைத் திறந்து பார்க்கிறவன் என்ற முறையில் அதை நான் ஏற்கமாட்டேன்.

வெளியீடு என்பது எஸ்டேட் அதைக் கையைவிட்டு அனுப்பும் நாள். குடிக்க வேண்டிய நாள் அது இல்லை. இதைச் சொல்லித்தான் ஒருமுறை பேச்சு வாங்கினேன்.

உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் விருந்தாளிகளோடு வந்திருந்தார். அப்போதுதான் எங்களுக்குப் புது விண்டேஜ் வந்து இறங்கியிருந்தது. அதையே கேட்டார். "ஐயா, காலையிலேயே திறந்து வைத்திருந்தால் சரி, இப்போது திறந்தால் துவர்க்கும். பழைய விண்டேஜ் ஒன்று இருக்கிறது, அல்லது சீக்கிரமே குடிக்கத் தகுந்த ரோசோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். கேட்கவில்லை. திறந்து ஊற்றினேன். இந்த எஸ்டேட் ஒயின் அடர்நிறமாக இருக்காது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் மேஜைவிரிப்பின் நெசவு தெரியும், ஓரத்தில் லேசாகச் செங்கல் சாயல் தட்டும். அவர் அதைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். ஒரு வாய் குடித்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிற துவர்ப்பு, பின்னாலேயே புளிப்பு. பாட்டில் கெட்டுப்போச்சு என்றார். அதோடு நிற்கவில்லை. "நம்ம ஒயினைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும், இத்தாலிக்காரர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

எங்கள் முதலாளி அம்மா வந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். மோந்து பார்த்தார், ஒரு வாய் சுவைத்தார். "பாட்டிலில் ஒரு குறையும் இல்லை. இவர் முன்னாடியே உங்களிடம் சொன்னாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர்கள் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள். கார்க்கை அடைத்து செல்லாரில் வைத்தேன். மறுநாள் மதியம் ஊற்றிப் பார்த்தால், புளிப்புச் செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் மணக்க, துவர்ப்பு அடங்கி, வேறு ஒயினாகவே இருந்தது. சமையலறையில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த மனிதர் மேல்கூட இப்போது கோபம் இல்லை. வலிக்கிறது எங்கள் ஊர்தான். "பையன் பார்ல ஊத்திக் கொடுக்கிறானாம்" என்று என் அம்மாவிடமே கேட்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்கும்போது வேலையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திய வீடுகள் உண்டு. அந்தச் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணச் செலவுக்கு நான் அனுப்பிய பணத்தை மட்டும் யாரும் மோந்து பார்க்கவில்லை. மொழி, மண், மழைக்கணக்கு எல்லாம் படித்துப் பரீட்சை எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

சரி, உங்கள் விஷயம். விலைக்குத் தகுமா என்றால், பத்து வருஷம் பொறுக்க முடிகிறவருக்குத் தகும். அதற்கு 12, 14 டிகிரியில் படுக்கவைத்து வைக்க இடம் வேண்டும். சென்னை வெயிலில் அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் பாழாகிவிடும். ஒயின் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஊருக்குக் கொண்டுபோய்ச் சீக்கிரம் குடிப்பதுதான் எண்ணம் என்றால் அதே எஸ்டேட்டின் ரோசோ தி மொன்தால்சினோ வாங்குங்கள். அதே சான்ஜோவேசேதான், இத்தனை வருஷக் காத்திருப்பு கிடையாது, விலையும் கணிசமாகக் குறைவு. வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் வரை கொண்டுபோகலாம் என்பதால் இரண்டு பாட்டில் தாராளமாக அடங்கும்.

புரூனெல்லோதான் வேண்டும், இப்போதே திறக்கவும் வேண்டும் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே கார்க்கை எடுங்கள். அரை கிளாஸ் வெளியே ஊற்றி, ஒயின் மட்டம் பாட்டிலின் தோள் வரை இறங்கட்டும். அங்கேதான் காற்றுப் படும் பரப்பு அதிகம். டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் கவிழ்க்காமல் அப்படியே குளிர்ச்சியான இடத்தில் விட்டுவிடுங்கள். ஆட்டுக்கறியோடு குடியுங்கள், காரம் குறைவாக இருக்கட்டும்.