சிக்கிள் செல்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

கேள்வி (கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா): சிஸ்டர், ஏழு வயது மகனுக்கு சிக்கிள் செல் என்று சொல்லிவிட்டார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லையே?

பதில்: ஏறாதும்மா. இது சாப்பாட்டுக் குறையால் வந்ததில்லை, பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் ரத்த நோய். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு சின்னக் கண்ணி, மாறியிருக்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அந்த ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோத்துக்கொண்டு, வட்டமான அணுவை அரிவாள் மாதிரி வளைத்துவிடும். நல்ல அணு 120 நாள் இருக்கும். இது 10, 20 நாளில் உடைந்துபோகும். புது அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை எவ்வளவு ஓடினாலும் ஈடுகட்ட முடியாது. கண் மஞ்சளாவதும் உடைந்த அணுக்களால்தான் பெரும்பாலும். அதற்காகப் பச்சிலை தேடி அலையாதீர்கள். கீரை கொடுங்கள், நல்லதுதான். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): மழைக்காலத்தில் கை, கால், இடுப்பு எல்லாம் உயிர்போக வலிக்கிறது. வீட்டில் நடிப்பு என்கிறார்கள்.

பதில்: நடிப்பு இல்லை தம்பி. இந்தப் பதிலை வீட்டில் காட்டுங்கள். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாயில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் இருக்கும் எலும்புக்கு ஆக்சிஜன் போகாது. வலி அங்கேதான் பிறக்கிறது. வெளியே வீக்கம், காயம் எதுவும் தெரியாததால் பார்ப்பவர்கள் நம்புவதில்லை. இந்த நோயில் எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். குளிர், தண்ணீர் குறைவது, காய்ச்சல், அதிக அலைச்சல் எல்லாம் வலியைக் கிளப்பும். சிறுநீரகத்துக்கும் அடி விழுவதால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்காது. அதனால் நிறையக் குடியுங்கள். ஸ்வெட்டர் போட வெட்கப்படாதீர்கள். வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட வேண்டும். நெஞ்சு வலியோடு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிதான், காத்திருக்கக் கூடாது.

கேள்வி (ஒரு அங்கன்வாடிப் பணியாளர்): குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றாலும் உடனே கூட்டிவரச் சொல்கிறீர்களே?

பதில்: மண்ணீரல்தான் காரணம். கிருமியை வடிகட்டும் அந்த உறுப்பு அடைபட்டு அடைபட்டுப் பலருக்குச் சின்ன வயதிலேயே வேலை செய்யாமல் போகிறது. அப்புறம் சாதாரண நிமோனியா கிருமிகூட ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென்று குழந்தை வெளிறி, இடது பக்க வயிறு வீங்கினால் அது இன்னும் அவசரம்; மண்ணீரலில் ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். முகம் கோணினாலோ ஒரு கை சோர்ந்தாலோ அதேதான், பக்கவாதம் குழந்தைக்கும் வரும்.

கேள்வி (கல்யாணம் நிச்சயமான பெண்): நான் கேரியராம். நோயாளியா?

பதில்: இல்லைம்மா. அப்பா, அம்மாவிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவர் கேரியர்; பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. மலேரியாவின் கடுமையிலிருந்து அது காக்கிறது என்பதால்தான் மலேரியா இருந்த நிலங்களில் இவ்வளவு பேரிடம் தங்கிவிட்டது. இந்தியாவில் இதை முதலில் கண்டதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மாப்பிள்ளையும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு நோய் வர. அவரையும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், பத்திரிகை அடிக்கும் முன்.