கூடல் இடைவெளி இருக்கைச் செயலியை இப்போதும் நேர்காணலில் காட்டலாமா?

கோவிட் காலத்தில், விளையாட்டரங்கில் கூடல் இடைவெளி விட்டு இருக்கை ஒதுக்கும் இணையச் செயலியைக் கல்லூரிக் குழுவாகச் செய்தோம், இனி அதைக் காட்டினால் மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். யாரோ சிரித்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். நேர்காணலில் என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நாங்களும் கோலாலம்பூரில் அதையேதான் செய்தோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிக் கல்லூரி மூடியதும், பழைய கிள்ளான் சாலை அடுக்குமாடி வீட்டில், பக்கத்தில் தம்பி இணைய வகுப்பில் கத்திக்கொண்டிருக்க, புக்கிட் ஜாலில் அரங்கை மனத்தில் வைத்து ஆரம்பித்தேன். சுமார் 87,000 பேர் உட்காரும் இடம். “ஒன்று விட்டு ஒன்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?” என்றார் விரிவுரையாளர்.

போதாது. ஒரு வரிசையில் 20 நாற்காலி என்று வையுங்கள். நாற்காலி ஏறக்குறைய அரை மீட்டர் அகலம், அப்போதைய விதி ஒரு மீட்டர். ஆக, சேர்ந்து வந்தவர்கள் ஒட்டி உட்கார்ந்தாலும், குழுவுக்குக் குழு நடுவே 2 நாற்காலி காலி. எல்லாரும் தனியாக வந்தால் 7 பேர்தான் உட்காரலாம். ஜோடி ஜோடியாக வந்தால் 10. நால்வர் குடும்பம் மூன்றும் ஒரு ஜோடியும் வந்தால் 14! அதே வரிசைதான், யார் யாரோடு வருகிறார்கள் என்பதில் ஆள் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அப்புறம், ஓரத்தில் ஒரு குடும்பம் முதலில் உட்கார்ந்துவிட்டால், உள்ளே போகிறவர் அத்தனை பேர் முழங்காலையும் உரசிக்கொண்டுதான் போகணும். இடைவெளியாவது ஒன்றாவது! அதனால் நடு இருக்கைக்காரர்களுக்கு முந்திய நுழைவு நேரம் கொடுத்தோம்.

நேர்காணலில் இந்த 20 கட்டத்தைத்தான் பலகையில் வரைந்தேன். சிரித்தவரே பேனாவை வாங்கி, நால்வருக்கு மேற்படாத குழுக்களாக 15 பேரை உட்காரவைக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

பாடப்புத்தகக் கணக்குதானே என்று அனுபவசாலிகள் கிளம்புவீர்கள், தெரியும். இருக்கட்டும். திரையரங்கில் ஒற்றை இருக்கை அநாதையாக மிஞ்சாமல் டிக்கெட் விற்பதும் இதே வகைக் கணக்குதான், அதற்கு இன்றும் வேலை இருக்கிறது.

எனக்கு அந்த நேர்காணல் அழைப்பு கிடைத்ததே பெரும்பாடு. விண்ணப்பிக்கப் போன இடமெல்லாம் ‘மாண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்’. சீன வாடிக்கையாளரிடம் விற்கிற வேலைக்குக் கேட்டால் நியாயம், குறை சொல்லமாட்டேன். இதை இனப் பிரச்சினையாக்கவும் வேண்டாம். ஆனால் நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு எதற்கு?

சரி, அது வேறு கதை. போவதற்கு முன் செயலி இன்னும் திறக்கிறதா என்று பாருங்கள். இலவச சர்வர்கள் பல, யாரும் எட்டிப்பார்க்காத செயலியைத் தூங்கவைத்துவிடும்.