பிளஸ் ஒன் மாணவி எந்த ஆங்கிலச் சொற்களை முதலில் கற்க வேண்டும்?

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த என் மகள், இப்போது ஆங்கிலவழியில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். 3,000 கடினச் சொற்கள் கொண்ட ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் 20 சொற்களை மனப்பாடம் செய்கிறாள். இரண்டே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது, பாடப்புத்தகமும் எளிதாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகளின் உழைப்பில் குறையில்லை, கையில் இருக்கும் பட்டியல்தான் அவருக்கு உரியதல்ல. இத்தகைய புத்தகங்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வு எழுதுவோருக்காக அரிய சொற்களைத் தேடிச் சேர்ப்பவை. வளவளவென்று பேசுபவரைக் குறிக்க லொக்வேஷியஸ், கேரலஸ் என்று இரண்டு சொற்களைக் கற்ற ஒரு மாணவி, இயற்பியல் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் டெரைவ், அஸ்யூம், எஸ்டிமேட் ஆகியவற்றில் தடுமாறினால் அந்த உழைப்பு வீண்தான்.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலும் கட்டுரைகளிலும் இருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரே சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) 2000-ஆம் ஆண்டில் 'அகாடமிக் வேர்டு லிஸ்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இப்பட்டியல், அதிகம் பயன்படும் சொற்கள் முதலில் வரும்படி பத்துப் பிரிவுகளாக உள்ளது. வாரம் பத்துக் குடும்பங்கள் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அன்றாட ஆங்கிலத்தின் அடிப்படையான 2,000 சொற்கள் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் அமைந்த பட்டியல் இது. தமிழ்வழியிலிருந்து வந்தவருக்கு அங்கே ஓட்டைகள் இருக்கலாம். இருந்தால் அவற்றை அடைத்த பிறகே இதற்கு வர வேண்டும்.

மறதிக்கான காரணம் வேறு. சொல்லையும் பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பத்து முறை படிப்பது, தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறதே தவிர, நினைவில் நிறுத்துவதில்லை. கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் கற்பிக்கப்பட்டன. சரியாகச் சொல்லிவிட்ட சொற்களையும் விடாமல் மீண்டும் மீண்டும் சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவிலிருந்தது. சோதனையை நிறுத்திவிட்டு, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் சொல்லையும் மறுபக்கத்தில் பொருளையும் எழுதி, பொருளைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்த பிறகே திருப்ப வேண்டும். மறுநாள், மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். தவறியது மறுநாளுக்குத் திரும்பட்டும்.

அட்டையில் பொருளை மட்டும் எழுதுவது போதாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நம் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எம்ஃபசிஸ் என்ற பெயர்ச்சொல்லை அடுத்து 'ஆன்' வரும். எம்ஃபசைஸ் என்ற வினைச்சொல்லை அடுத்து வராது. டிஸ்கஸ் என்பதற்குப் பின் 'அபவுட்' சேர்ப்பதும் இதே வகைப் பிழை. எனவே பாடத்தில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, உடன் வரும் சொல்லை அடிக்கோடிட வேண்டும். பொருளைத் தமிழில் எழுதுவதில் தவறே இல்லை. சில ஆசிரியர்கள் இதற்குத் தடை போடுவது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பல ஆங்கிலச் சொற்களுக்கு அடியாக உள்ள லத்தீன் வேர்ச்சொற்கள் துணைக்கு நல்லவை. ஆனால் அவற்றுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டாம்.

பள்ளித் தேர்வில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கும் வினாக்களுக்கு, ஆங்கிலப் பாடங்களில் தரப்பட்டிருக்கும் அருஞ்சொற்பொருளையே இதே அட்டை முறையில் படித்தால் போதும். அந்த 3,000 சொல் புத்தகத்தைப் பிளஸ் டூ முடியும்வரை அலமாரியில் வைத்துவிடலாம்.