பேனல் ஏசி கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜர் வேலை: சேரலாமா?

இ.இ.இ. முடித்து, பேனல் வயரிங் செய்யும் இடத்தில் மூன்று வருடம் இருந்தவர் கேட்டிருக்கிறார்: பேனல் ஏசி தயாரிக்கும் கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜர் வேலை வருகிறது, அதில் நாள் முழுக்கச் செய்ய என்ன இருக்கும், சேரலாமா என்று.

தாராளமாகச் சேரலாம். நான் ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, ஆபீஸ் கோயம்புத்தூர். தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாகத்தான் போக்குவரத்து.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டும் டிரைவ், மெஷினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான பி.எல்.சி. எல்லாம் தூசி படாமல் இரும்புப் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிதான் பேனல், அதன் உட்புறத்தைக் குளிர்விப்பதுதான் பேனல் ஏசி. 30 கிலோவாட் டிரைவ் முழு லோடில் ஓடினால் அதில் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 900 வாட், சூடாக அந்தப் பெட்டிக்குள்ளேயே இறங்கும். இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது போல. உள்ளே 10 டிகிரி கூடினால் டிரைவில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு.

ஃபேன் போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வெளியே 30, உள்ளே 40 என்றால் அந்த 900 வாட்டை வெளியேற்ற மணிக்குச் சுமார் 280 கன மீட்டர் காற்று போதும். ஃபில்டர் ஃபேன் அதைச் செய்துவிடும், விலையும் குறைவு. வெளியே 38 ஆகிவிட்டால் வித்தியாசம் 2 டிகிரிதான், அதே சூட்டுக்கு மணிக்கு 1,400 கன மீட்டர் வேண்டும். அந்த அளவு காற்றை ஃபில்டர் வழியாக இழுப்பது நடக்காத காரியம். பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் ஏப்ரல் மாதம் ஷெட்டுக்குள் 38 எல்லாம் காலை பதினொரு மணிக்கே வந்துவிடும். அப்புறம் என்ன, பேனல் கதவைத் திறந்து வைத்து எதிரே பெடஸ்டல் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். இரும்புத் தூசி நேராக டிரைவுக்குள் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

பாலக்காட்டுக் கணவாயில் இன்னொரு சிக்கல் உண்டு. தை மாதத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும், ஃபில்டர் அடைக்கும். பங்குனி, சித்திரையில் வெயில். ஜூனில் மேற்கிலிருந்து மழை. ஒரே பெட்டி மூன்றையும் தாங்க வேண்டும்.

ஒரு ஜூன் மாதம், கஞ்சிக்கோட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றிலிருந்து புகார்: “உங்க ஏசி பேனலுக்குள்ள தண்ணி விடுது.” சர்வீஸ் பையனோடு நானும் போனேன். கதவைத் திறந்தால் டெர்மினல் வரிசையின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இரண்டு செப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. செட் பாயிண்ட், அதாவது ஏசியில் வைத்திருந்த டிகிரி, 20. அடித்தட்டில் இரண்டு கேபிள் துளைகள் கேபிளைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் இல்லாமல் திறந்தே கிடந்தன. மெயின்டனன்ஸ் பார்க்கும் அண்ணன் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக்காரர். “குறைச்சு வெச்சா டிரைவுக்கு நல்லதுன்னுதானுங்க வெச்சேன்” என்றார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நாம்தான் அவருக்குச் சொல்லவில்லை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 28 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தத் தகட்டிலும் நீர் கோத்துக்கொள்ளும். “அண்ணா, இதுக்கு 35 போதும்” என்று மாற்றினோம், துளைகளை அடைத்தோம், கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டோம்.

என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பாஸ்வேர்டு இல்லாமல் 30-க்குக் கீழே இறக்க முடியாதபடி கன்ட்ரோலரை மாற்றச் சொன்னேன். கதவு திறந்தால் ஏசி நிற்கும் சுவிட்சை எல்லா மாடலிலும் சேர்க்கச் சொன்னேன். மலையாளம், தமிழ், இந்தியில் ஸ்டிக்கர். “குளிரவே இல்லைன்னு வாங்கறவங்க திருப்பிக் கொடுப்பாங்க” என்று சேல்ஸ் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்சுக்கு ஆகும் செலவைப் பற்றித் தொழிற்சாலை தனியாகப் பேசியது. ஐந்து மாதம் ஆனது. இந்த வேலையில் பெரும்பகுதி இதுதான்: பேனல் முன்னால் பார்த்ததை ஆபீஸில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை விடாமல் சொல்வது.

ஏசியின் விவரங்களை அச்சிடும் டேட்டாஷீட்டிலும் இதே போராட்டம். குளிர்விக்கும் திறன் 1,000 வாட் என்று அச்சடிப்பது உள்ளேயும் வெளியேயும் 35 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் அளவு. வெளியே 50 ஆனால் நன்றாகக் குறையும். இரண்டு எண்ணையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். சின்னதாகப் போட்டால் வாங்குபவர் தவறான மாடலை எடுப்பார், மே மாதம் டிரைவ் ட்ரிப் ஆகும்.

விலை நிர்ணயம், ஸ்டாக், ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸை மாற்றுவது, போட்டியாளர் கேட்லாக் எல்லாம் உண்டுதான். ஆறு மாதத்தில் பழகிவிடும். உங்களுக்கு வயரிங் செய்த கை இருக்கிறது, அது பெரிய பலம்.

இன்டர்வியூவில் ஒன்று மட்டும் கேளுங்கள்: சர்வீஸ் ஆட்களோடு ப்ராடக்ட் மேனேஜரையும் சைட்டுக்கு அனுப்புவார்களா? ஆம் என்றால் யோசிக்காமல் சேருங்கள். இழுத்தால் வேறு கம்பெனி பாருங்கள். ஏப்ரலில் இந்தப் பக்கம் வர முடிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், கஞ்சிக்கோட்டில் நான்கு பேனலைத் திறந்து காட்டுகிறேன்.