நிறுவன முடிவுகளுக்கு மேலாண்மைக் கணக்குகள்: கேள்வியும் பதிலும்

உற்பத்தித் திட்டமிடலிலும் சேவைப் பிரிவுகளை நடத்துவதிலும் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எந்த முறையைக் கையில் எடுப்பதற்கு முன்னாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த எண் எவ்வளவு மாறினால் என் முடிவு மாறும்? கீழே பல பதில்களில் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: வணக்கம் சார், நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பெரிய ஆர்டர் தருகிறார், ஆனால் அலகுக்கு 85தான் தருவாராம். எங்கள் கணக்குப் பிரிவு அடக்கவிலை 100 என்கிறது. நஷ்டத்துக்கு விற்க முடியாது என்று எம்.டி. மறுக்கிறார். அது சரியா?

முதலில் அந்த 100ஐப் பிரித்துப் பாருங்கள். மூலப்பொருள், மின்சாரம், பேக்கிங், அனுப்பும் செலவு என்று இந்த ஆர்டரை எடுத்தால் மட்டும் கூடுகிற செலவு 65 என்று வைத்துக்கொள்வோம். மீதி 35, கட்டட வாடகை, அலுவலகச் சம்பளம், தேய்மானம் ஆகியவற்றில் இந்தப் பொருளின் தலையில் வைத்த பங்கு. ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். ஆக, மிஷினில் நேரம் மிச்சம் இருந்தால் அலகுக்கு 20 நிற்கும். மறுத்தால் அந்த 20ம் இல்லை.

மிஷின் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றால் கணக்கே வேறு. அப்போது ஓர் அலகுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கக் கூடாது. எந்த மிஷினில் எல்லா வேலையும் வந்து தேங்குகிறதோ, அந்த மிஷினின் ஒரு மணி நேரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளில் 40 மிஞ்சுகிறது, ஆனால் அது 10 நிமிடம் எடுக்கிறது. இன்னொன்றில் 30தான் மிஞ்சுகிறது, ஆனால் 5 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முதலாவது மணிக்கு 240 தருகிறது, இரண்டாவது 360. விற்பனைப் பட்டியலில் சுமாராகத் தெரிகிற பொருள்தான் பல இடங்களில் நிறுவனத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில், நஷ்டம் தருகிறது என்று ஒரு பொருளை நிறுத்தினார்கள். அது சுமந்த ஓவர்ஹெட், அதாவது வாடகை, சம்பளம் போன்ற பொதுச் செலவின் பங்கு, மற்றப் பொருள்கள் மேல் ஏறியது. அடுத்த வருடம் இன்னொரு பொருள் நஷ்டமாகத் தெரிந்தது, அதையும் நிறுத்தினார்கள். மூன்றாவதன் முறை வந்தபோதுதான் ஒருவர் பழைய கணக்கை எடுத்து வைத்து, மொத்தச் செலவு குறையவே இல்லை என்று காட்டினார். அதற்குள் நல்ல வாடிக்கையாளர்கள் பலர் போய்விட்டார்கள்.

சரி, அப்படியானால் 85க்கு உடனே ஒத்துக்கொள்ளலாமா? பொறுங்கள். இந்த ஆர்டர் 1,000 அலகு என்றால் 20,000 கிடைக்கும். பழைய வாடிக்கையாளர்கள் வாங்குவது 5,000 அலகு என்றால், அவர்கள் விஷயம் தெரிந்து அலகுக்கு 4 குறைக்கச் சொன்னாலே அந்த 20,000 கரைந்துவிடும். எம்.டி.யிடம் பேச வேண்டிய எண் இந்த 4தான், அந்த 100 அல்ல.

கேள்வி: அண்ணா, எங்கள் சேவைப் பிரிவில் ஊழியர்கள் 80 சதவீத நேரம்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்திருக்கிறது. மீதி 20 சதவீதம் வீண், ஆளைக் குறைக்கலாம் என்கிறது நிர்வாகம். என்ன பதில் சொல்வது?

வரிசையின் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் தம்பி. டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. ஒரே ஒருவர் வேலை பார்க்கிறார், வேலைகள் முன்கூட்டித் தெரியாமல் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 10 நிமிடம் எடுக்கிறது, ஆனால் நேரம் கூடிக் குறையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 80 சதவீதம் வேலையில் இருந்தால், வந்தவர் காத்திருப்பது சராசரியாக 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் 190 நிமிடம். வேலைப்பளு ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, காத்திருப்போ கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிட்டது.

அந்த 20 சதவீதம் வீணே அல்ல. அடுத்தடுத்து மூன்று பேர் வந்துவிட்டால் சமாளிக்கிற இடம் அது. வேலை ஒரே சீராக, நேரம் குறித்து வந்தால் மட்டும்தான் 95ல் ஓட்ட முடியும்.

வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராதீர்கள், மாற்று ஒன்றைக் கொண்டுபோங்கள். இரண்டு பேர் தனித்தனி வரிசை வைத்திருந்தால், அதை ஒரே வரிசையாக்கி யார் காலியோ அவர் எடுக்கட்டும் என்று மாற்றுங்கள். மேலே சொன்ன கணக்கில், அதே 80 சதவீதத்தில், 40 நிமிடக் காத்திருப்பு 18 நிமிடத்துக்கு வந்துவிடும். ஆள் கூடவில்லை, செலவு கூடவில்லை. சேவைப் பிரிவுகளில் நான் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், வரிசையில் எவ்வளவு தாமதம் ஆகும் என்று தெரிய இன்னொரு எளிய வழி உண்டு. மேசையில் 30 கோப்பு இருக்கிறது, ஒரு நாளைக்கு 6 முடிகிறது என்றால், இன்று வருகிற கோப்புக்கு 5 நாள் ஆகும். இதை ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்தார். நிலைமை ஓரளவு சீராக இருக்கிற வரை இது எந்த வரிசைக்கும் பொருந்தும்.

கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டால் மொத்தச் செலவு குறைவு என்று காட்டும் இ.ஓ.கியூ. சூத்திரத்தைப் போடச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டாக் வைத்திருக்கும் செலவு எவ்வளவு என்று எங்களிடம் சரியான கணக்கே இல்லை. போட்டுப் பயன் உண்டா?

தாராளமாகப் போடுங்கள். ஃபோர்டு ஹாரிஸ் 1913ல் கொடுத்த சூத்திரம் அது. அதன் பெரிய நன்மை, தப்பைப் பொறுத்துக்கொள்ளும். சரியான அளவைவிட ஒன்றரை மடங்கு ஆர்டர் போட்டாலும், ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து சுமார் 8 சதவீதம்தான் கூடும். எனவே தோராய எண் போதும். வந்த விடையை லாரி அளவுக்கோ பெட்டி அளவுக்கோ முழுசாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சீசனுக்கு மட்டும் விற்கும் பொருள் எங்களுடையது. மீந்தால் தள்ளுபடியில் போகும், தீர்ந்துவிட்டால் விற்பனை போகும். போன வருடச் சராசரியை ஆர்டர் போடுகிறோம். அது போதுமா?

சராசரி போட்டால் பாதி சீசன்களில் தீர்ந்துவிடும். அது உங்களுக்கு நல்லதா என்பது இரண்டு எண்களைப் பொறுத்தது. ஒன்று குறைந்தால் நீங்கள் இழக்கும் லாபம் 60, ஒன்று மீந்தால் வரும் நஷ்டம் 20 என்று வையுங்கள். 60ஐ, 60ம் 20ம் சேர்ந்த 80ஆல் வகுத்தால் 0.75. அதாவது நூறு சீசனில் எழுபத்தைந்தில் தேவையை முழுதாகத் தீர்க்கிற அளவுக்கு ஆர்டர் போட வேண்டும், சராசரியைவிடத் தெளிவாகவே அதிகம். எண்கள் தலைகீழாக இருந்தால், சராசரிக்குக் கீழேதான் போட வேண்டும்.

பல இடங்களில் விற்பனைக்காரர் அதிகம் கேட்பார், ஸ்டோர்ஸ்காரர் குறைவு கேட்பார், கடைசியில் நடுவில் ஒன்றில் வந்து நிற்பார்கள். ஒருவர் 60ஐ மட்டும் பார்க்கிறார், மற்றவர் 20ஐ மட்டும் பார்க்கிறார். இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிவிட்டால் அந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: மேடம், சார் யாராக இருந்தாலும் வணக்கம். மாதாமாதம் புகார் எண்ணிக்கை ஏறினால் ஏன் ஏறியது என்று விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். இறங்கினால் பாராட்டு. எனக்கே காரணம் தெரியாமல் ஏதோ எழுதுகிறேன். இதற்கு ஒரு முறை உண்டா?

உண்டு. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிஜமான சந்தோஷம், ஏனென்றால் மேலாளராக முதல் மூன்று வருடம் இதே தப்பை நானும் செய்தேன். எண் ஏறிய வாரம் ஷிப்ட் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்வேன். அடுத்த வாரம் தானாக இறங்கும், நான் கடிந்ததால் இறங்கியது என்று நம்பினேன். ஒரு நல்ல மனிதர் மனம் உடைந்து வேலையை விட்டுப் போனார். அந்த எண்கள் வெறும் இயல்பான ஏற்ற இறக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது.

வால்டர் ஷூஹார்ட் 1924ல் உருவாக்கிய கன்ட்ரோல் சார்ட் இதற்காகத்தான். கடந்த இருபது மாத எண்களை எடுங்கள். சராசரி 12 என்று வைப்போம். ஒவ்வொரு மாதத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடினாலும் குறைந்தாலும் சரி, எழுதிச் சராசரி எடுங்கள். அது 2 என்றால் 2.66ஆல் பெருக்குங்கள், 5.3 வரும். 12க்கு மேலும் கீழும் அதைப் போட்டால் ஏறத்தாழ 6.7 முதல் 17.3 வரை. அதற்குள் வரும் எண்ணுக்குத் தனிக் காரணம் தேட வேண்டாம். 15 புகார் வந்தால்கூட விளக்கம் எழுத ஒன்றும் இல்லை. 19 வந்தால் அன்றே தேடுங்கள். தொடர்ந்து எட்டு மாதம் சராசரிக்கு மேலேயே இருந்தாலும் தேடுங்கள்.

சராசரி 12 என்பதே உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால், ஒரு மாதத்துப் புகாரைத் துருவிப் பயன் இல்லை. வேலை நடக்கிற முறையையே மாற்ற வேண்டும், அது மேலிடத்தின் பொறுப்பு. அறிக்கையில் 6.7, 17.3 என்ற அந்த இரண்டு எல்லைகளையும் கோடுகளாக வரைந்தே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: புதிய சப்ளையரைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண் அட்டவணை போட்டோம். தலைவருக்குப் பிடித்தவர் ஜெயிக்கும்வரை எடைகளை, அதாவது விலை, தரம் போன்ற ஒவ்வொன்றுக்கும் தரும் முக்கியத்துவத்தை, மாற்றினார்கள். இந்த முறையே வீணா?

முறையில் தவறில்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் தவறு. விலைப்புள்ளிகளைப் பிரிக்கும் முன்பே எடைகளை முடிவுசெய்து எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டாயம் வேண்டியவற்றுக்கு மதிப்பெண்ணே கூடாது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள். இப்படிச் செய்யாவிட்டால், தரச் சோதனையில் தோற்றவர் குறைந்த விலையால் மேலே வந்துவிடுவார். முதல் இரண்டு பேருக்கும் வித்தியாசம் சிறிதாக இருந்து, ஓர் எடையைக் கொஞ்சம் அசைத்தாலே இடம் மாறுகிறது என்றால், அட்டவணை அதற்கு மேல் எதுவும் சொல்லாது. இருவருக்கும் சிறிய ஆர்டர் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்து, எல்லாம் முடிந்தால்தான் வெளியீடு. ஒவ்வொரு குழுவும் 80 சதவீதம் உறுதி என்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தேதி தவறுகிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு குழுவின் தாமதம் மற்றதைப் பாதிக்கவில்லை என்றே வைத்தாலும், 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33தான். மூன்றில் இரண்டு முறை தேதி தவறும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குழுவும் 95 சதவீத உறுதி தந்தால்கூட மொத்தம் 77 சதவீதம்தான். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே உபரி நாள் ஒளித்து வைப்பதைவிட, ஐந்தும் சேருமிடத்தில் பொதுவான உபரி நாள்களை வெளிப்படையாக வையுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் செலவழித்த மென்பொருள் திட்டத்தை நிறுத்தலாமா?

இன்று புதிதாக வந்த ஒருவர், இனி ஆகும் செலவையும் இனி வரும் பலனையும் மட்டும் பார்த்துத் தொடங்குவாரா? தொடங்க மாட்டார் என்றால் நிறுத்துங்கள். போன பணம் இரண்டு வழியிலும் திரும்பாது.

கேள்வி: இருக்கிற மிஷின் நேரம், பொருள் போன்ற வரம்புகளுக்குள் அதிக லாபம் தரும் திட்டத்தைக் கண்டுபிடிக்கும் லீனியர் புரோகிராமிங் படித்தேன். வேலையில் எங்கே பயன்படும்?

எந்தப் பொருளை எவ்வளவு செய்வது, எந்தக் கிடங்கிலிருந்து எங்கே அனுப்புவது போன்ற கேள்விகளில். ஜார்ஜ் டான்ட்சிக் 1947ல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் என்ற தீர்வு முறை எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியிலேயே இருக்கிறது. விடையைவிட, கூடவே வரும் நிழல் விலையைப் பாருங்கள். மிஷினில் இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்று அது சொல்லும். ஓவர்டைம் கொடுப்பதா என்ற விவாதம் அந்த ஒரு எண்ணில் முடிந்துவிடும். பூஜ்யம் என்று வந்தால் நெருக்கடி வேறெங்கோ இருக்கிறது.

கேள்வி: எங்கள் முதலாளி முப்பது வருட அனுபவசாலி. எந்தக் கணக்கைக் காட்டினாலும், எனக்கு மனதில் பட்டுவிட்டது என்கிறார். என்ன செய்வது ஐயா?

அவர் உள்ளுணர்வை மதியுங்கள், அதே சமயம் வகை பிரித்துப் பாருங்கள். தினமும் செய்து, தினமும் பலனைக் கண்ட விஷயங்களில் அவர் மனதில் படுவது பெரும்பாலும் சரியாக இருக்கும். வாழ்க்கையில் இரண்டு முறை மட்டுமே செய்த விஷயத்தில், புதிய ஆலை கட்டுவது போன்றவற்றில், அவருக்கும் அனுபவம் இல்லை. அங்கே எதிர்த்து வாதிட வேண்டாம். "எது நடந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று பணிவாகக் கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அதே நபர்: அந்தத் தாளில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

தேதி, எடுத்த முடிவு, வேண்டாம் என்று விட்ட மாற்று வழிகள், ஆறு மாதத்தில் எதிர்பார்க்கும் எண், அந்த எண் எதற்குக் கீழே போனால் திட்டத்தை நிறுத்துவது, அதைப் பார்த்துச் சொல்லப் போவது யார். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.